மூன்றாம் எண் கடிகாரம்

தனி ஊசல் சோதனையை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். ஒரு நூலில் சிறிய உலோகக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, லேசாக ஒருபுறம் இழுத்து விடுகிறோம். 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கிறோம். ஊசலின் நீளமும் இந்த நேரமும் தெரிந்தால் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டுவிடலாம். நீளம் சரியாக ஒரு மீட்டர் என்றால் நம் பகுதியில் 20 அலைவுகளுக்கு ஏறத்தாழ 40.2 விநாடி ஆகும். விடை சுமார் 9.8 என்று வரவேண்டும் என்பது சோதனையைத் தொடங்கும் முன்பே எல்லா மாணவர்களுக்கும் தெரியும். தொல்லையே அங்கேதான் ஆரம்பமாகிறது!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருந்த நான்கு நிறுத்துக் கடிகாரங்களையும் வரிசையாக வைத்து, ஒரே நேரத்தில் ஓடவிட்டுச் சரிபார்த்தேன். மூன்று கடிகாரங்கள் ஒழுங்காக ஓடின. மூன்றாம் எண் ஒட்டிய கடிகாரம் மட்டும், 10 நிமிடம் ஆனபோது 10 நிமிடம் 15 விநாடி காட்டியது. அதாவது அது வேகமாக ஓடும் கடிகாரம். அதைக் கொண்டு அளந்தால் 40.2 விநாடி என்பது 41.2 விநாடியாகத் தெரியும், முடுக்கம் 9.3 என்று வரும்.

எனக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அந்த ஆண்டு முழுவதும் இந்தக் கடிகாரத்தை மாணவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்களே, ஒருவரும் ஏன் சொல்லவில்லை? செய்முறை நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். அக்கடிகாரத்தை ஆறு குழுக்கள் பயன்படுத்தியிருந்தன. ஐந்து குழுக்கள் 40.1, 40.2 என்றே எழுதியிருந்தன. ஒரே ஒரு மாணவி மட்டும் 41.2 என்று எழுதி, விடை 9.3 என்று கணக்கிட்டிருந்தார். அதன் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, "மீண்டும் செய்க" என்று எழுதியிருந்தது. எழுதியவன் வேறு யாருமல்ல, நான்தான். அடுத்த வாரம் அவரும் 40.2 என்று எழுதிக் கொண்டுவந்திருந்தார். நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன்!

அந்தக் கடிகாரத்தை முதலில் பயன்படுத்திய குழுவில் இருந்தவர் வகுப்புத் தலைவர். நன்றாகப் படிப்பவர், எல்லாருக்கும் பிடித்தவர். அவரை அழைத்துக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "முதல்ல 41.2தான் சார் வந்தது. மூணு தடவை பார்த்தேன், அப்படியேதான் வந்தது. ஆனா லீடரே தப்பாப் போட்டா எல்லாரும் என்ன நினைப்பாங்க? அதனால 40.2னு எழுதிட்டேன்." மற்ற குழுவினரைக் கேட்டபோது, "அவருக்கே 40.2 வந்திருக்கு, எங்களுக்கு 41.2 வந்தா தப்பு எங்ககிட்டத்தானே சார் இருக்கும்?" என்றார்கள்.

தம் பெயரைக் காக்க அவர் எண்ணை மாற்றினார். அவர் பெயரை நம்பி மற்றவர்களும் மாற்றினார்கள். கடிகாரம் மட்டும் ஓராண்டு காலம் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மாணவர்கள் இப்படி நடந்துகொள்வது ஏன்? இதை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கண்டதைப் பார்ப்போமா?

கோடுகளை ஒப்பிடும் சோதனை

சாலமன் ஆஷ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1950களில் ஒரு சோதனை செய்தார். ஓர் அறையில் ஏழு முதல் ஒன்பது கல்லூரி மாணவர்களை உட்கார வைத்தார். இரண்டு அட்டைகளைக் காட்டினார். ஒன்றில் ஒரே ஒரு கோடு. மற்றொன்றில் நீளம் வேறுபட்ட மூன்று கோடுகள். முதல் கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு மூன்றில் எது என்று ஒவ்வொருவரும் வரிசையாக உரக்கச் சொல்ல வேண்டும். சரியான கோட்டுக்கும் மற்றவற்றுக்கும் முக்கால் அங்குலமோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தது. ஆகவே கண் தெரிகிற எவரும் எளிதில் சொல்லிவிடக்கூடிய கேள்விதான். தனியாக இருந்து விடையளித்தவர்கள் நூற்றுக்கு ஒரு முறைகூடத் தவறவில்லை.

ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவர்தான் உண்மையில் சோதனைக்கு வந்தவர். மற்றவர்கள் எல்லாரும் ஆஷ் முன்பே பயிற்சி கொடுத்து அமர்த்தியவர்கள். 18 முறை கேட்டதில் 12 முறை அவர்கள் அனைவரும் ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதனைக்கு வந்தவர் ஏறக்குறைய கடைசியில் உட்கார்ந்திருப்பார். தன் கண் ஒன்று சொல்கிறது; தனக்கு முன் பேசிய அத்தனை பேரும் வேறொன்று சொல்கிறார்கள். அவர் என்ன செய்வார்?

இப்படி 123 மாணவர்களை ஆஷ் சோதித்தார். கூட்டம் தவறாகச் சொன்ன முறைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 37 முறை அவர்களும் அதே தவறான விடையைச் சொன்னார்கள். கால்வாசிப் பேர் ஒரு முறைகூட வளைந்துகொடுக்கவில்லை. வேறு சிலரோ கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் கூட்டத்தோடு போனார்கள். பின்னர் பல நாடுகளில் மற்றவர்களும் இச்சோதனையைச் செய்தார்கள். 17 நாடுகளில் நடந்த 133 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1996இல் வெளியாயிற்று. நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் அளவு மாறினாலும், ஒத்துப்போகும் இயல்பு எங்கும் காணப்பட்டது.

ஆஷ் அத்துடன் நிற்கவில்லை. நாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பதுபோல, அவரும் மாற்றிப் பார்த்தார். எதிரில் ஒருவர் மட்டும் தவறாகச் சொன்னபோது சோதனைக்கு வந்தவர் ஏறக்குறைய அசையவே இல்லை. இரண்டு பேர் சொன்னபோது தவறுகள் நூற்றுக்கு சுமார் 14 ஆயின. மூன்று பேர் சொன்னபோது சுமார் 32 ஆயின. அதற்கு மேல் கூட்டம் பெருகியும் தவறு பெரிதாகக் கூடவில்லை. ஆக, ஒருவரை அசைப்பதற்கு ஓர் ஊரே திரள வேண்டியதில்லை. மூன்று பேர் போதும்!

இனி, மிக முக்கியமான மாற்றத்தைப் பாருங்கள். கூட்டத்தில் ஒரே ஒருவரை மட்டும் சரியான விடையைச் சொல்லும்படி ஆஷ் ஏற்பாடு செய்தார். உடனே கூட்டத்தின் பிடி தளர்ந்தது; தவறுகள் கால் பங்காகக் குறைந்தன. இன்னொரு முறை, அந்த ஒருவர் கூட்டத்தைவிட மோசமான தவறு ஒன்றைச் சொன்னார். அப்போதும் சோதனைக்கு வந்தவர் விடுதலை பெற்றவர்போலத் தம் கண்ணை நம்பினார். தவறுகள் நூற்றுக்கு 9 ஆகக் குறைந்தன. மாறுபட்டுப் பேசிய அந்த ஒருவர் சரியாகச் சொல்லவில்லை. ஆனாலும் மாறுபட்டுப் பேசலாம் என்பதை அவர் காட்டினார். அதுவே போதுமானதாக இருந்தது.

இரண்டு காரணங்கள்

மனிதர்கள் ஏன் ஒத்துப்போகிறார்கள் என்பதற்கு மார்ட்டன் டாய்ட்ஷ், ஹெரால்டு ஜெரார்டு என்ற இரு அறிஞர்கள் 1955இல் இரண்டு காரணங்களைப் பிரித்துக் காட்டினார்கள்.

முதலாவது, பிறருக்கு நம்மைவிட அதிகம் தெரிந்திருக்கலாம் என்ற எண்ணம். "ஊர் ஓடினால் ஒத்து ஓடு" என்று நம் பழமொழி சொல்கிறது. ஊரே அலறிக்கொண்டு ஓடும்போது, ஆற்றில் வெள்ளம் வருகிறதா என்று நின்று அளந்துகொண்டிருப்பவன் பிழைக்கமாட்டான். இவ்வகை ஒத்துப்போதல் பல நேரங்களில் பயனுள்ளதே. சாலையில் எல்லாரும் இடப்பக்கம் போகும்போது நாமும் இடப்பக்கம் போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, பிறர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற அச்சம். கூட்டம் தவறு என்று தெரிந்தே அதோடு போவது இந்த அச்சத்தால்தான். ஆஷ் இதையும் சோதித்தார். விடையை உரக்கச் சொல்லாமல், பிறர் அறியாதபடி தாளில் எழுத விட்டபோது தவறுகள் வெகுவாகக் குறைந்தன. கண் பார்த்தது அதேதான், காது கேட்டதும் அதேதான். பிறர் பார்வை ஒன்று மட்டுமே விலகியது.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு காரணங்களும் சேர்ந்து வேலை செய்தன என்பதை நீங்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். மற்றக் குழுக்கள் முதல் காரணத்தால் மாற்றி எழுதினார்கள். வகுப்புத் தலைவர் இரண்டாவது காரணத்தால் மாற்றி எழுதினார்.

தலைவரின் சுமை

பெயர் இல்லாதவருக்கு இழக்கப் பெயரும் இல்லை. ஆனால் வகுப்புத் தலைவர், விளையாட்டு அணித் தலைவர், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவர் ஆகியோருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் மற்றவர்களின் மனத்தில் அல்லவா இருக்கிறது? அதனால் அதைக் காப்பதற்காக அவர் எப்போதும் மற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேர்கிறது. எல்லாரையும் வழிநடத்துகிறவர்போல் தோன்றினாலும், பல நேரங்களில் எல்லாருக்கும் பின்னால் போகிறவராக அவர் ஆகிவிடுகிறார்.

இளம் வயதில் இந்த இழுப்பு இன்னும் அதிகம். மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற இருவர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கணிப்பொறியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் பல வயதினரும் ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்தில் இருந்து பார்த்தபோது, 13 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் தனியாக ஆடியதைவிட ஏறக்குறைய இரு மடங்கு துணிந்து ஆபத்தைத் தேடினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அப்படிப்பட்ட மாற்றம் தென்படவில்லை. ஆகவே நண்பர்கள் பார்க்கும்போது உங்களுக்கு வேறுவிதமாக நடக்கத் தோன்றினால், அது உங்கள் ஒருவரின் குறை அன்று. அந்த வயதின் இயல்பு.

இதில் ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில், இளைஞர்கள் கேலி செய்யக்கூடிய ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை மாணவர்களுக்குப் போட்டுவிட்டு, மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். பனியனில் இருப்பது யார் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று பிறகு கேட்டார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் என்றார்கள் போட்டிருந்தவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்தான்! 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு இது. நாம் நினைக்கும் அளவுக்கு ஊர் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

பிழையில் இரண்டு வகை

இதனால் அறிவியலுக்கு என்ன கேடு என்று கேட்கிறீர்களா? அளவீட்டில் இரண்டு வகைப் பிழைகள் உண்டு என்று படித்திருப்பீர்கள். கடிகாரத்தை ஒருவர் சற்று முன்னதாக அழுத்துவார், இன்னொருவர் சற்றுப் பின்னதாக அழுத்துவார். இவை ஒழுங்கற்ற பிழைகள். பலர் அளந்து சராசரி எடுத்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். மூன்றாம் எண் கடிகாரத்தின் பிழையோ எப்போதும் ஒரே பக்கம் சாயும் முறையான பிழை. நூறு முறை அளந்து சராசரி எடுத்தாலும் அது போகாது.

இங்கிலாந்தின் பிளிமத் நகரில் நடந்த கால்நடைக் கண்காட்சி ஒன்றில், ஒரு காளையின் எடையை ஊகிக்கும் போட்டி வைத்தார்கள். 787 சீட்டுகளை ஆராய்ந்த பிரான்சிஸ் கால்ட்டன் 1907இல் முடிவை வெளியிட்டார். ஊகங்களை வரிசைப்படுத்தி நடுவில் நின்ற எண்ணை எடுத்தார். அது 1207 பவுண்டு. உண்மையான எடை 1198 பவுண்டு! ஒவ்வொருவரும் தம் ஊகத்தைத் தனித்தனியே சீட்டில் எழுதியதால்தான் இது நடந்தது. ஊரின் பெரிய மனிதர் ஒருவர் முதலில் உரக்க ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால், அவருடைய பிழை எல்லாருடைய பிழையாகவும் ஆகியிருக்கும். தலைவரைப் பார்த்து எழுதும்போது ஆறு அளவீடுகள் ஆறாக இருப்பதில்லை; ஒன்றாகிவிடுகின்றன.

பெரிய விஞ்ஞானிகளும் இதற்கு விலக்கல்ல. ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிச் சோதனையால் எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1913இல் வெளியிட்ட மதிப்பு, இன்றைய அலகில் சுமார் 1.592 × 10⁻¹⁹ கூலூம். சரியான மதிப்பு 1.602 × 10⁻¹⁹ கூலூம். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுக் குறைவாக இருந்ததே காரணம். இயற்பியலறிஞர் ரிச்சர்டு ஃபெயின்மன் 1974இல் ஒரு பட்டமளிப்பு விழாவில் இதைக் குறிப்பிட்டார். பின்னால் வந்தவர்களின் மதிப்புகள் ஒரே தாவலில் சரியான எண்ணுக்குப் போகாமல், சிறிது சிறிதாகவே உயர்ந்தன என்றார். மில்லிகனின் எண்ணிலிருந்து விலகிய விடை வந்தால் எங்கே தவறு என்று துருவித் தேடினார்கள். நெருங்கி வந்தால் தேடாமல் விட்டுவிட்டார்கள் என்பது அவர் கருத்து. நான் சிவப்பு மையால் செய்ததும் இதைத்தானே?

லண்டனில் ஓர் இளைஞர்

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930இல் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனார். எரிபொருள் தீர்ந்த விண்மீன்கள் சுருங்கி வெள்ளைக் குள்ளன் என்ற நிலையை அடைகின்றன. ஆனால் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அந்த நிலையில் நிற்க முடியாது, மேலும் சுருங்கிக்கொண்டே போகும் என்று அவருடைய கணக்கு காட்டியது. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் இதை எடுத்துரைத்தார். அப்போது அவருக்கு வயது 24.

அடுத்துப் பேச எழுந்தவர் ஆர்தர் எடிங்டன். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகண ஆய்வால் உலகப் புகழ் பெற்றவர். விண்மீன் அப்படி நடந்துகொள்ள இயற்கை இடம் தராது என்று அவர் கேலியாகப் பேச, அவையில் சிரிப்பு எழுந்தது. போர், பௌலி போன்ற பெரும் இயற்பியலறிஞர்கள் சந்திரசேகரின் கணக்கில் தவறில்லை என்று தனிப்பட்ட முறையில் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வெளிப்படையாகச் சொல்ல முன்வரவில்லை. ஆஷின் அறையில் சரியான விடை சொன்ன அந்த ஒருவர் அன்று லண்டனில் இல்லை.

சந்திரசேகர் எண்ணை மாற்றவில்லை. எடிங்டனோடு நட்பையும் முறித்துக்கொள்ளவில்லை. தம் கணக்கை முழுமையாக 1939இல் ஒரு நூலில் எழுதி வைத்துவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போனார். 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. தனித்து நிற்பவர் எல்லாரும் சரியாகவே இருப்பார்கள் என்று இதற்குப் பொருளல்ல. அவரிடம் பிடிவாதம் மட்டும் இருக்கவில்லை. எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கு இருந்தது.

நீங்கள் தலைவரானால்

எங்கள் மாணவியின் 9.3 தவறான விடைதான். ஆனால் 41.2 என்ற அளவீடு உண்மையானது. அதை அழிக்காமல் ஏன் அப்படி வந்தது என்று கேட்டிருந்தால், கடிகாரத்தின் கோளாறு அன்றே வெளிப்பட்டிருக்கும். விடை தவறாக இருந்தாலும், கண்டதைக் கண்டபடி எழுதியதற்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

ஆகவே உங்கள் குழுவுக்கு நீங்கள் தலைவராக இருந்தால், உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். பேச்சைத் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தம் கருத்தைச் சீட்டில் எழுதட்டும். மாறுபட்டு ஒருவர் பேசினால், "எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள்; மற்றவர்கள் சிரிக்கும் முன் கேளுங்கள். உங்கள் தவறை நீங்களே முதலில் சொல்லுங்கள். அதனால் உங்கள் பெயர் கெடாது. மற்றவர்கள் தங்கள் தவறைச் சொல்லத் துணிவு பெறுவார்கள்.

இதை வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் புளியங்கொட்டைகளை எண்ணிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பிரிவு மாணவர்கள் எத்தனை என்பதை ஊகித்துத் தனித்தனியே சீட்டில் எழுதட்டும். இன்னொரு பிரிவினர் வரிசையாக உரக்கச் சொல்லட்டும். அவர்களில் நன்றாகப் படிக்கும் ஒருவர் முதலில் சொல்லட்டும். இரண்டு பிரிவினரின் எண்களையும் கரும்பலகையில் எழுதி, எந்தப் பிரிவில் எண்கள் அகலமாகப் பரவியிருக்கின்றன, எதன் நடு எண் உண்மையை நெருங்குகிறது என்று பாருங்கள்.

மூன்றாம் எண் கடிகாரத்தை நாங்கள் தூக்கி எறியவில்லை. அந்த மாணவியின் நோட்டில் நான் போட்ட சிவப்புக் கோட்டை வகுப்பின் முன்னிலையில் அடித்துவிட்டுக் கையெழுத்திட்டேன். வகுப்புத் தலைவரும் எழுந்து நடந்ததைச் சொன்னார், ஒருவரும் சிரிக்கவில்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர்களுக்கு, ஒன்றும் சொல்லாமல் அந்தக் கடிகாரத்தையும் மற்றவற்றோடு சேர்த்தே கொடுக்கிறேன். சென்ற ஆண்டு, இரண்டாவது வாரத்திலேயே இரண்டு மாணவர்கள் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்து, "சார், இது சரியா ஓடலைன்னு நினைக்கிறோம்" என்றார்கள்.